பூஞ்செடிகளைத் தாக்கும் பூச்சிகள்: தீங்கின்றித் தடுக்கும் முறைகள்

ஓணத் திருநாளையொட்டி, அத்தம் தொடங்கித் திருவோணம் ஈறாகப் பத்து நாட்கள், திருவனந்தபுரத்து வீட்டு முற்றங்களிலும் பள்ளி வாயில்களிலும் பூக்கோலம் இடப்படுகிறது. தும்பை, வெட்சி, செம்பருத்தி, நந்தியாவட்டை ஆகியவை வீட்டுத் தோட்டங்களில் பறிக்கப்படுகின்றன. செண்டுமல்லி, வாடாமல்லி, அரளி முதலியவை தோவாளை போன்ற மலர்ச் சந்தைகளிலிருந்து வந்து சேருகின்றன. இப்பூக்களைப் பறிப்பவரும், இதழ் கிள்ளித் தட்டில் நிரப்புபவரும் பெரும்பாலும் சிறுவர் சிறுமியரே.

காய்கறியை நாம் கழுவிச் சமைக்கிறோம். பூவை யாரும் கழுவுவதில்லை. பறித்த பூவை உடனே முகர்கிறோம், கூந்தலில் சூடுகிறோம், மாலையாகத் தொடுத்துக் கழுத்தில் இடுகிறோம். ஆகவே, பூஞ்செடியின்மீது தெளிக்கப்படும் நஞ்சு மனித உடலை அடைவதற்கு நெடிய வழி எதுவும் தேவையில்லை. கையும் மூக்குமே அதற்குப் போதுமான வாயில்களாகும். இந்த உண்மையை மனத்திற் கொண்டு, பூஞ்செடிகளில் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் முறைகள் எந்த வரிசையில் கையாளப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1958ஆம் ஆண்டின் படிப்பினை

கேரளத்தில் 1958ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த கோதுமை மாவில், பாரத்தியான் என்னும் பூச்சிகொல்லி கலந்துவிட்டது. அம்மாவினால் செய்த உணவை உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இதுபற்றி ஆராய நீதிபதி ஜே. சி. ஷா அவர்களின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இதன் தொடர்ச்சியாகவே 1968ஆம் ஆண்டில் பூச்சிகொல்லிச் சட்டமும், 1971ஆம் ஆண்டில் அதற்குரிய விதிகளும் நம் நாட்டில் ஏற்பட்டன.

மாண்டவர்கள் பூச்சிகொல்லியைத் தெளித்தவர்கள் அல்லர்; அதன் பெயரைக்கூட அறியாதவர்கள். பாரத்தியான் பூச்சியின் நரம்புகளில் செயற்படும் ஒரு நொதியை முடக்கிக் கொல்கிறது. அதே நொதி மனிதனின் நரம்புகளிலும் செயற்படுகிறது. எனவே, ‘பூச்சிக்கு மட்டும் நஞ்சு’ என்று எண்ணி இத்தகைய பொருள்களைக் கையாளுதல் பெரும்பிழையாகும். நஞ்சு தன் இடத்தை விட்டு நகர்ந்தால், தொடர்பில்லாதவரையும் சென்று தாக்கும் என்பதே அந்நிகழ்ச்சி புகட்டும் பாடமாகும்.

முதற்படி: பகைவனை அறிதல்

செடி வாடியது கண்டவுடன் மருந்துக் கடையை நாடுதல் நம்மிடையே பரவியுள்ள பழக்கமாகும். ஒரு கைக்கண்ணாடியுடன் செடியை நாடுதலே முறையானது. இலையின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தை நன்கு ஆராய வேண்டும். பெரும்பாலான பூச்சிகள் அங்கேயே தங்கியிருக்கும்.

செம்பருத்தியின் இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் கூட்டமாக ஒட்டியிருப்பவை அசுவினிகள். பஞ்சு ஒட்டியது போல் வெண்மையாகக் காணப்படுபவை மாவுப்பூச்சிகள். இவ்விரண்டும் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவுநீரை வெளியிடுகின்றன. அந்நீரின்மீது கரும்பூஞ்சணம் படர்வதால் இலைகள் கரி பூசியவை போலாகின்றன. ரோஜாவின் இதழோரங்கள் கருகியும் மொட்டுகள் விரியாமலும் இருப்பின் அது இலைப்பேனின் வேலையாக இருக்கக்கூடும். இலையில் நுண்ணிய வெளிர்ப் புள்ளிகளும் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படையும் தென்படின் அது செஞ்சிலந்தி. இது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. மல்லிகை மொட்டுகளில் துளை காணப்பட்டு, மொட்டுகள் நூலால் பிணைக்கப்பட்டிருந்தால் அது மொட்டுப்புழுவின் அடையாளம்.

பருவத்தையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்கிறது. இம்மழைக் காலங்களில் நத்தைகளின் தொல்லை மிகும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்களில் செஞ்சிலந்தி, மாவுப்பூச்சி ஆகியவை பெருகும். இதை முன்னரே அறிந்தவர், கேடு முற்றுமுன் விழிப்படைவார்.

நண்பனைப் பகைவனென்று கொல்லாதீர்

தோட்டத்தில் காணும் பூச்சிகள் யாவும் தீயன அல்ல. பொறிவண்டும் அதன் புழுவும் அசுவினிகளைத் தின்கின்றன. பச்சை நிறமும் கண்ணாடி போன்ற இறக்கைகளும் உடைய ஒரு பூச்சியின் புழுவும் அவ்வாறே. பெரிதும் தவறாகக் கருதப்படும் நண்பன் ஒன்று உண்டு. 1898ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டிற்குக் கொணரப்பட்ட ஒரு பொறிவண்டு, மாவுப்பூச்சிகளை இரையாகக் கொள்கிறது. அதன் புழுவும் தன் இரையைப் போலவே வெண்ணிற மெழுகிழைகளால் மூடப்பட்டிருக்கும். ‘பெரிய மாவுப்பூச்சி’ என்று கருதி அதனையே முதலில் நசுக்கிவிடுவோர் பலர். மாவுப்பூச்சி மிக மெதுவாக நகரும். இப்புழுவோ விரைந்து ஊர்ந்து இரை தேடும். இவ்வேறுபாட்டை மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும்.

நந்தியாவட்டை இலையைத் தின்னும், வாலில் கொம்புடைய பருத்த பச்சைப் புழு, அழகிய அந்துப்பூச்சியாக மாறுகிறது. அரளி இலையில் வளரும் ஒருவகைப் புழு, கரிய வண்ணத்துப்பூச்சியாகிறது. நன்கு வளர்ந்த செடி சில இலைகளை இழப்பதால் அழிந்துவிடாது. ஓரிரு புழுக்களைப் பொறுத்துக்கொள்வதும் தோட்டக்கலையின் ஒரு பகுதியே.

செம்பருத்திக்கு வந்த உதவி

இயற்கை நண்பர்களின் ஆற்றலுக்குத் தக்க சான்று ஒன்றை இங்குக் கூறலாம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய பகுதிகளுக்கு உரிய பப்பாளி மாவுப்பூச்சி, 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. விரைவில் அது பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றுடன் வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியையும் பற்றிக்கொண்டு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவியது. பூச்சிகொல்லிகளை மீண்டும் மீண்டும் தெளித்தும் நிலையான பயன் கிட்டவில்லை. அதன் மெழுகுப் போர்வை மருந்தை உட்புகவிடவில்லை. மருந்தினால் மடிந்தவற்றுள் நம் நாட்டு நண்பர்களும் அடங்கின.

பிறந்த நாட்டில் அப்பூச்சியை அடக்கி வைத்திருந்த எதிரியைத் தேடுவதே பின்னர்க் கைக்கொள்ளப்பட்ட வழியாகும். இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் எனப்படும் பெங்களூர் நிறுவனம், அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியுடன், 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து மூன்றுவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பது மிகச் சிறந்த பயன் அளித்தது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இச்சிறு குளவி, மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிடுகிறது. வெளிப்படும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே உண்டு வளர்கிறது. குளவிகள் விடப்பட்ட இடங்களில் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி குறைந்தது. அவ்விடங்களில் பூச்சிகொல்லி தெளிக்கலாகாது என்பது இம்முறையின் இன்றியமையாத நிபந்தனையாகும். ஏனெனில் அந்நஞ்சு குளவியையும் கொன்றுவிடும்.

தடுப்பு முறைகளின் வரிசை

பின்வரும் முறைகளை இதே வரிசையில் கையாள வேண்டும். முந்தைய முறை பயனளிக்காதபோதே அடுத்ததை மேற்கொள்ளுதல் தகும்.

1. கையும் கத்தரியும்: பூச்சி மிகுந்த நுனிகளை வெட்டி, சோப்பு நீரில் அமிழ்த்தி அழிக்கலாம். மல்லிகையில் துளைபட்ட மொட்டுகளையும் உதிர்ந்த மொட்டுகளையும் நாள்தோறும் சேகரித்து அழித்தால் மொட்டுப்புழு பெருகாது. ஆப்பிரிக்கப் பெரு நத்தைகளைப் பிடிக்க, மாலையில் நனைத்த சாக்கின்கீழ் பப்பாளி இலை அல்லது முட்டைக்கோசு இலையை வைத்து, காலையில் அங்குக் கூடியிருப்பவற்றைப் பொறுக்கி உப்பு நீரில் இட்டுக் கொல்லலாம். இந்நத்தை மூளையுறையைத் தாக்கும் நோய்க்குக் காரணமான புழுவைத் தாங்கி வரக்கூடும். ஆகையால் கையுறையின்றித் தொடலாகாது. சிறுவரை இப்பணியில் ஈடுபடுத்தவும் கூடாது.

2. நீர்: இலையின் அடிப்புறத்தில் வேகமாக நீரைப் பாய்ச்சினால் அசுவினியும் செஞ்சிலந்தியும் பெருமளவு நீங்கும். காலையில் செய்வது நன்று. இலைகள் விரைவில் உலர்ந்துவிடும்.

3. எறும்புத் தடை: எறும்புகள் இனிப்பு நீருக்காக அசுவினியையும் மாவுப்பூச்சியையும் காத்து வருகின்றன, அவற்றை உண்ண வரும் பொறிவண்டை விரட்டுகின்றன. தண்டைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒன்றைக் கட்டி, அதன்மீது பசைப்பொருளைப் பூசினால் எறும்பு ஏறாது. கிளைகள் சுவரையோ பிற செடியையோ தொடாதிருக்க வேண்டும்.

4. வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல்: 1 லிட்டர் கரைசலுக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி லிட்டர், பூண்டு 20 கிராம், சலவைச் சோப்புக் கட்டி 5 கிராம் தேவை. சோப்பைச் சீவி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதில் வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பால் போலாகும்வரை கலக்க வேண்டும். பூண்டை அரைத்து, நீரில் கரைத்து, துணியில் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பின்னர் நீர் விட்டு 1 லிட்டர் ஆக்க வேண்டும். முதலில் சில இலைகளில் மட்டும் தெளித்து, இரண்டு நாட்கள் கழித்துக் கருகல் இல்லையெனக் கண்டபின் முழுச் செடிக்கும் தெளிக்கலாம். அன்று செய்ததை அன்றே பயன்படுத்துக. கடும் வெயிலில் தெளிக்கலாகாது. விரிந்த பூக்களின்மீது படாமல் பார்த்துக்கொள்க.

5. உயிரியல் பொருள்கள்: சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு லெக்கானிசிலியம் என்னும் பூஞ்சணத் தூளை லிட்டருக்கு 20 கிராம் வீதம் கரைத்து மாலையில் தெளிக்கலாம். இது உயிருள்ள பொருளாதலின், பூஞ்சணக்கொல்லியுடன் கலக்கக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், மரவள்ளி இலையிலிருந்து பூச்சித் தடுப்புப் பொருள்களை உருவாக்கியுள்ளது. அவற்றுள் ‘ஸ்ரேயா’ என்பது மாவுப்பூச்சிக்கு உரியது.

‘இயற்கைப் பொருள் எனின் தீங்கில்லை’ என்னும் எண்ணமும் திருத்தப்பட வேண்டியதாகும். புகையிலைக் கஷாயம் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அதிலுள்ள நிகோட்டின் மனிதருக்கும் கொடிய நஞ்சு. தோலின் வழியாகவும் உட்புகும். பள்ளித் தோட்டத்தில் இதனைத் தயாரிப்பதைத் தவிர்த்தல் நன்று.

இரசாயனம் இன்றியமையாத இடத்து

மேற்கூறிய யாவும் பயன்படாமல், வேளாண் அலுவலர் பரிந்துரைத்தால் மட்டுமே இரசாயனப் பூச்சிகொல்லியைக் கருதலாம். அப்போதும் புட்டியின் மேலுள்ள முக்கோண நிறத்தை முதலில் நோக்குக. சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் கொடிய நஞ்சையும், நீலம் நடுத்தர நஞ்சையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கின்றன. பச்சை நிறம்கூட ‘நஞ்சன்று’ எனப் பொருள்படாது. சிவப்பு, மஞ்சள் அடையாளம் உள்ளவற்றிற்கு வீட்டுத் தோட்டத்திலும் பள்ளித் தோட்டத்திலும் இடமில்லை.

தெளிக்குமுன் விரிந்த பூக்களைப் பறித்து நீக்கிவிட வேண்டும். தேனீக்கள் கூடு திரும்பிய பின்னர், காற்று அடங்கிய மாலையில் தெளிக்க வேண்டும். கேரளத்தில் பல வீடுகளில் வளர்க்கப்படும் கொடுக்கில்லாச் சிறுதேனீக்கள் அருகிலுள்ள பூக்களையே நாடுவதால், இவ்விதி இங்குத் தனிச் சிறப்புடையது. விவரச்சீட்டிற் குறித்த இடைவெளி நாட்கள் கழியும்வரை அச்செடியின் பூக்களைப் பறித்தலாகாது. ஓணக் காலத்தில் குழந்தைகள் பறிக்கும் செடிகளுக்கு இரசாயனம் தெளிப்பதை அறவே விலக்க வேண்டும்.

மருந்தைக் குளிர்பானப் புட்டியில் மாற்றி வைப்பதும், சில்லறையாக அளந்து வாங்குவதும் உயிர்க்கேடு விளைப்பன. உடலில் பட்டால் நனைந்த ஆடையை உடனே களைந்து, சோப்பு நீரால் கழுவி, விவரச்சீட்டுடன் மருத்துவரை அணுக வேண்டும். அச்சீட்டைக் கண்டே மருத்துவர் உரிய மாற்று மருந்தை விரைந்து முடிவு செய்ய இயலும்.

ஆசிரியர்க்கு ஒரு செய்முறை

அசுவினி பற்றிய செம்பருத்திச் செடி ஒன்றில், ஒன்றையொன்று தொடாத மூன்று கிளைகளைத் தேர்ந்தெடுத்து நூல் கட்டி அடையாளமிடுக. முதற்கிளையை நாள்தோறும் நீரால் கழுவுக. இரண்டாவதில் எறும்புத் தடை இடுக. மூன்றாவதை அவ்வாறே விட்டுவிடுக. அசுவினி, எறும்பு, பொறிவண்டு ஆகியவற்றின் எண்ணிக்கையை மாணவர் பத்து நாட்கள் கைக்கண்ணாடியால் எண்ணிக் குறிக்கட்டும். பின்வரும் வினாக்களுக்கு விடை காணச் செய்க:

1. எந்தக் கிளையில் அசுவினி விரைவாகக் குறைந்தது?
2. எறும்பு நீங்கிய கிளையில் பொறிவண்டுகள் வந்தனவா?
3. ஒன்றும் செய்யாத கிளையில் பத்தாம் நாள் நிலை யாது?

இம்மூன்றாம் கிளையின் நிலையைப் பொறுமையுடன் நோக்கிய மாணவன், நஞ்சைக் கையில் எடுக்குமுன் ஒருமுறை நின்று சிந்திப்பான். அவன் வீட்டு முற்றத்துப் பூக்கோலத்தில் அமரும் தங்கையின் கைகளுக்கு அதனினும் சிறந்த காப்பு வேறில்லை.