ஆடியிலேயே எழுத வேண்டிய தீபாவளிக் கணக்கு

ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டிய சூடு பல வீடுகளில் இன்னும் ஆறவில்லை. ஆவணி பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கும். ஐப்பசியில் தீபாவளி. இந்த மேடுகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளம் ஆடி. முகூர்த்தம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, பெரிய செலவு எதுவும் வாசலில் வந்து நிற்பதில்லை. துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் இந்த மந்தத்தைச் சமாளிக்கத்தான் தள்ளுபடிப் பலகை மாட்டுகின்றன. அதே மந்தத்தைக் குடும்பங்களும் தங்களுக்காகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கடன் இருக்கிற வீடு, ஆடி முடிவதற்குள் எல்லாக் கடனையும் வட்டிவாரியாக ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். அதில் மிக அதிக வட்டி ஓடும் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வழி தேட வேண்டும். தீபாவளிக்கான பணத்தை இப்போதிருந்தே ஒதுக்க வேண்டும். ஐப்பசி முதல் வாரத்தில் உட்கார்ந்து யோசித்தால் மிஞ்சும் வழி இன்னொரு கடன்தான்.

நடுத்தரக் குடும்பத்தின் கடனுக்கு ஆடம்பரத்தைக் காரணம் காட்டுவது நம் வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வேறொன்று தெரியும்: வருமானம் மாதக் கணக்கில் வருகிறது, செலவு பருவக் கணக்கில் வருகிறது. மாதம் 30,000 ரூபாய் வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை, மளிகை, பால், மின்சாரம், பேருந்து எல்லாம் சேர்ந்து 27,000. மீதம் 3,000 என்று அந்த வீடு நிம்மதியாக இருக்கும். ஆனால் ஜூனில் பள்ளிக்கு 40,000, தீபாவளிக்கு 20,000, வருடம் முழுக்க மொய்க்கு 12,000, பொங்கலுக்கு 8,000, வண்டி இன்சூரன்ஸ், சில்லறை ரிப்பேர் என்று 4,000. மொத்தம் 84,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 7,000. அதாவது அந்த வீட்டில் மாதம் 3,000 மிஞ்சவில்லை, 4,000 துண்டு விழுகிறது. வருடக் கடைசியில் முளைக்கும் 48,000 ரூபாய்க் கடன் யாருடைய ஊதாரித்தனத்தாலும் வந்ததல்ல. இந்தச் செலவுகளில் ஒன்றுகூட எதிர்பாராததும் அல்ல. தினசரிக் காலண்டரில் முன்பே அச்சடித்து வந்தவை. நாம்தான் ஒவ்வொரு முறையும் அவற்றைத் திடீர்ச் செலவு என்கிறோம். ஆகவே வீட்டுக்கு வேண்டியது மாத பட்ஜெட் அல்ல, ஆடி தொடங்கி அடுத்த ஆனி வரைக்குமான ஆண்டுக் கணக்கு.

வருமானமே போதாதபோது கணக்கெழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எழுதுவதால் வருமானம் கூடாது. ஆனால் துண்டு விழுவது 500 ரூபாயா, 4,000 ரூபாயா என்று தெரியாத வீடும் தெரிந்த வீடும் எடுக்கும் முடிவுகள் வேறு. 500 என்றால் செலவில் பிடிக்கலாம். 4,000 என்றால் டீயையும் சினிமாவையும் குறைத்து அதை அடைக்க முடியாது. பள்ளியை மாற்றுவதா, வாடகையைக் குறைப்பதா, இன்னொருவர் வேலைக்குப் போவதா என்ற பெரிய பேச்சைப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில் கணவன், மனைவி இருவரும் இருக்க வேண்டும். சம்பாதிக்கிற பிள்ளை இருந்தால் அவரும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் அந்தத் தாளில் ஏறாவிட்டால் மற்ற கணக்கெல்லாம் பொய்.

இனி அந்தத் தாள். கடன் தொகையை எழுதுவது எளிது. உண்மையான வட்டியை எழுதுவதுதான் கடினம், ஏனெனில் ஒவ்வொரு கடனும் தன் வட்டியை ஒவ்வொரு பாஷையில் சொல்கிறது. ‘மூணு ரூபா வட்டி’ என்று காதில் விழுவது நூற்றுக்கு மாதம் மூன்று, ஆண்டுக்கு 36 சதவீதம். தண்டலில் 8,500 ரூபாய் கையில் கொடுத்து, நாள் ஒன்றுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்கினால், 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போய்விடுவதால் அந்த 1,500 ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 120 சதவீத வட்டி. ‘ஃப்ளாட் ரேட் பத்து சதவீதம்’ என்று ஒரு லட்சத்தை இரண்டு வருடத்துக்குக் கொடுத்து மாதம் 5,000 வாங்கினால், அது உண்மையில் 18 சதவீதம். கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் நிற்கிறது, மாத வட்டி மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,750, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. ‘மினிமம் டியூ’ என்று 5 சதவீதமான 2,500 ரூபாயைக் கட்டியவருக்கு அசலில் குறைந்தது 435 ரூபாய் மட்டும். தவணை தவறாமல் கட்டிய திருப்தி மட்டும் முழுசாகக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஆண்டு வட்டியாக மாற்றி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், எந்தக் கடன் வீட்டைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும். பல சமயம் அது தொகையில் பெரிய கடனாக இருக்காது.

அந்த வரிசையின் உச்சியில் இருப்பதை என்ன செய்வது? பீரோவில் நகை இருக்கிற வீட்டுக்குப் பதில் இருக்கிறது. மூன்று ரூபாய் வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியவர் மாதம் 3,000 வட்டி கட்டுகிறார்; எத்தனை வருடம் கட்டினாலும் அசல் ஒரு லட்சமாகவே நிற்கும். நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பத்து சதவீத வட்டியில் வைத்து அந்தக் கடனை அடைத்துவிட்டு, அதே 3,000 ரூபாயை மாதாமாதம் நகைக்கடனில் கட்டி வந்தால் 40 மாதத்தில் வட்டியும் அசலும் தீர்ந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். கூடுதலாக ஒரு ரூபாய்கூட வேண்டாம். பெண்ணுக்கென்று வைத்த நகையை எப்படி அடகு வைப்பது என்ற தயக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் 36 சதவீதம் ஓடிக்கொண்டே இருந்தால் கடைசியில் அந்த நகை விற்பனைக்குத்தான் போகும். இதில் நிஜமான ஆபத்து வேறு. நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுக் கெடுவில் வருகிறது. மாதாமாதம் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதாலேயே கட்டாமல் விட்டுவிடுகிறோம். கெடு தாண்டினால் நோட்டீஸ், பிறகு ஏலம். அதனால் நகையை வைக்கும்போதே பகுதித் தொகையை இடையிடையே கட்டலாமா, கெடுவில் மீதிக் கடனைப் புதுப்பித்துத் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு, கட்டும் தேதியைச் சம்பளத் தேதிக்கு மறுநாளாக வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு பழைய இடத்தில் மறுபடி கை நீட்டுவதாக இருந்தால் நகையைத் தொடவே வேண்டாம்.

சின்னக் கடனை முதலில் முடித்தால் ஒரு உற்சாகம் வரும், அதுவே மற்றதையும் இழுத்துப் போகும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஐந்தாறு இடத்தில் சில்லறைக் கடன் வைத்திருப்பவருக்கு, நாளும் கதவைத் தட்டும் இருவர் குறைந்தாலே மூச்சு வரும். இரண்டு மாதத்தில் முடிகிற கடன் என்றால் அப்படியே செய்யலாம். அதைத் தாண்டினால் உற்சாகத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். அக்கம்பக்கத்தில் வாங்கிய கைமாற்று வேறு சங்கதி. அதற்கு வட்டி இல்லை, மானம் உண்டு. வரிசையில் கடைசியில் வரும் அந்தக் கடனுக்கு, இந்தத் தேதியில் தருகிறேன் என்று நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கடன் கடைசியிலேயே கிடக்கட்டும். கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு போனஸைக் கொண்டுபோய் வீட்டுக் கடனில் கட்டுவது தலைகீழ் கணக்கு.

ஆடித் தள்ளுபடிக்குப் போகவே கூடாதா? தீபாவளித் துணியை இப்போதே, கையில் இருக்கும் பணத்தில், தாளில் எழுதிய தொகைக்குள் எடுத்தால் அது லாபம். எச்சரிக்கை வேண்டியது ‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகையிடம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைப் பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்தில் ஒளித்து வாங்குகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கம் கொடுத்தால் என்ன விலை என்று கடையில் ஒரு கேள்வி கேட்டால் போதும், வட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆடியில் எடுத்த ஃபிரிட்ஜின் தவணை ஐப்பசியிலும் போய்க்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழுக் கடன் வாரத்தவணையிலேயே மூச்சுத் திணறும் வீடுகளுக்கு இந்த யோசனைகளில் பாதி பொருந்தாது. 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் பிணையில்லாக் கடன் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அது கொடுப்பவருக்கு விதித்த வரம்பு. வாங்குகிறவர் அதுவரை போகலாம் என்ற அனுமதி அல்ல. ஏற்கெனவே தாண்டிவிட்டவர்கள் ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவில் கட்டுவதை இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும். தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய், கெடுவை நீட்டித் தவணையைக் குறைக்கும்படி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது என்பது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் விதி. புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது.

மொய்யையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றால் சிலருக்குக் கோபம் வரும். உறவைக் காசில் அளப்பதா என்பார்கள். அளந்து வைத்தவர்கள் நம் ஆட்களேதான். புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம் பக்கமும் தஞ்சையின் பேராவூரணி பக்கமும் இதே ஆடியில் மொய் விருந்து களைகட்டும். வந்த பணம் ஒவ்வொன்றும் நோட்டில் ஏறும், பிறகு அவரவர் விருந்தில் கூடுதலோடு திரும்பிப் போகும். வட்டி என்ற பேச்சில்லாமல் ஒரு வட்டாரமே முதல் திரட்டும் ஏற்பாடு அது. அங்கே மொய் கடன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பழைய மொய் நோட்டைப் புரட்டி, வரும் ஆவணி முதல் பங்குனி வரை யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும் என்று எல்லா வீடும் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

தீபாவளிச் சீட்டு போடுகிறவர்களின் யோசனையில் குறை இல்லை. மாதம் கொஞ்சம், பண்டிகைக்கு மொத்தமாக என்பது சரியான கணக்கு. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம்தான் தவறு. பதிவில்லாத சீட்டு நடத்துபவர் ஐப்பசியில் ஊரில் இருப்பாரா என்பதற்கு யாரும் ஜாமீன் இல்லை. இந்தத் தீபாவளிக்கு மூன்று மாதமே இருப்பதால், ஏ.டி.எம். கார்டு இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கில் சம்பள நாளன்றே ஒதுக்குவது போதும். போனஸை நம்பி முன்கூட்டியே செலவு செய்ய வேண்டாம்: சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்றாலும், கணக்கிடும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, கைக்கு வருவது ஒரு முழு மாதச் சம்பளமாக இருக்காது. வருகிற தொகை தாளில் முதல் வரியில் இருக்கும் கடனின் அசலுக்குப் போகட்டும். அடுத்த தீபாவளிக்கு, இந்தத் தீபாவளி முடிந்த கையோடு வங்கியில் பதினோரு மாத ஆர்.டி. தொடங்கலாம். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வரும் வீட்டில் அந்தக் கணக்கிலிருந்தே தவணை தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த புரட்டாசியில் 11,000 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும்.