தங்கச்சியோட ஜெர்சி போட்டோவுக்கு 25,960 ரூபாயா?

போன ஏப்ரல்ல என் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்ல ஒரு கொட்டேஷன் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "அண்ணா, இதை கார்டுல இ.எம்.ஐ. போட்டுக்கலாமா?"

அவனுக்கு வேலை கிடைச்சு ஒரு வருஷம்கூட ஆகல. கைக்கு வர்ற சம்பளம் 38,000. தங்கச்சி அப்பதான் பிளஸ் டூ எழுதி முடிச்சிருந்தா. ஆறு வருஷமா ஸ்கூல் வாலிபால் டீம்ல ஆடினவ. ஜெர்சி, நெட், பந்து, மெடல் எல்லாத்தோட அவளை ஒரு நல்ல போர்ட்ரெய்ட் எடுத்து ஹால்ல மாட்டணும்னு இவனுக்கு ஆசை. அமெரிக்காவுல பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பசங்களுக்கு இது ரொம்ப நாள் பழக்கம், 'சீனியர் போர்ட்ரெய்ட்'னு சொல்வாங்க. அந்த மாதிரி ஒரு ரீல்ஸ் பார்த்துத்தான் இவனுக்கும் ஐடியா வந்திருக்கு.

ஆசையில தப்பே இல்ல. ஆனா கொட்டேஷனைப் பாருங்க. பேக்கேஜ் 22,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 3,960, மொத்தம் 25,960. அதுல 40 பக்க ஆல்பம், ஒரு நிமிஷ வீடியோ, ரெண்டு காஸ்ட்யூம், 'சினிமாட்டிக் எடிட்டிங்'. அவன் கேட்டது சுவத்துல மாட்ட ஒரே ஒரு படம்.

ஜி.எஸ்.டி. நம்பர் எங்கேன்னு கேட்கச் சொன்னேன். "அதெல்லாம் கம்பெனி பில்லுக்குத்தான் சார்"னு பதில் வந்துச்சு. இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. போட்டோகிராபி சேவைக்கு 18 சதவீதம் வரி உண்டு, அது சரி. ஆனா பதிவு செஞ்ச ஆள் மட்டும்தான் அந்த வரியை வசூலிக்க முடியும். சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன ஸ்டுடியோ பொதுவா பதிவே பண்ண வேண்டியதில்ல. பதிவு இல்லாதவர் வரின்னு தனியா வாங்கறது சட்டப்படி தப்பு. காம்போசிஷன் திட்டத்துல இருக்கிறவரும் உங்ககிட்ட தனியா வரி வாங்கக் கூடாது. பில்லுல 15 இலக்க எண் இருக்கணும், தமிழ்நாட்டுப் பதிவுன்னா அது 33ல ஆரம்பிக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்துல அந்த எண்ணைப் போட்டா யார் பேர்ல இருக்கு, எந்த வகைப் பதிவுன்னு ஒரு நிமிஷத்துல தெரியும். எண் இல்லையா, 3,960 கொடுக்காதீங்க. பேரம்கூட பேச வேண்டியதில்ல.

இ.எம்.ஐ. கணக்கு: 25,960ஐ 15 சதவீத வட்டிக்கு 12 மாசம் போட்டா மாசம் சுமார் 2,343. வட்டி மட்டும் 2,150க்கு மேல. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம் தனி. 'நோ காஸ்ட்'னு போட்டிருந்தாலும் வட்டி மேல வர்ற ஜி.எஸ்.டி. பெரும்பாலும் உங்க தலையிலதான். ஒரு சுவர்ப் படத்துக்காக அடுத்த ஏப்ரல் வரைக்கும் தவணை. நடுவுல ஜூன், ஜூலையில காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் அட்வான்ஸ்னு அதே பையன்கிட்டதான் வந்து நிப்பாங்க.

"அப்ப வேண்டாம்னு சொல்றீங்களா அண்ணா?"ன்னு கேட்டான். குரல் கொஞ்சம் இறங்கிப்போச்சு. வேண்டாம்னு நான் சொல்லல. அவ காலேஜ்ல ஆடுவாளாங்கறதே சந்தேகம். வீட்டுல யாருக்கும் அதுல இஷ்டமில்ல. சித்தப்பா இந்த ஆறு வருஷத்துல ஒரு மேட்ச்கூட பார்க்க வந்ததில்ல. அதனால அந்தப் படம் அவசியம்தான்.

ஊர்ல கல்யாண போட்டோ எடுக்கிற ஒருத்தரை ரெண்டு மணி நேரத்துக்கு 3,500க்குப் பேசினோம். சீசன் இல்லாத ஒரு வார நாள், சாயங்காலம் நாலரை மணி. பி.இ.டி. சார்கிட்ட முன்னாடியே சொல்லி ஸ்கூல் கிரவுண்டும் நெட்டும் வாங்கியாச்சு. ஜெர்சி ஸ்கூலோடது, டி.சி. வாங்கும்போது திருப்பிக் கொடுக்கணும். அதனால தேதியைத் தள்ளிப்போட வழியில்ல. உங்க வீட்டுலயும் இதை முதல்ல விசாரிங்க.

போட்டோகிராபர்கிட்ட நாங்க கேட்டது ரெண்டே படம். ஒண்ணு, பந்தை இடுப்புல அணைச்சு நேரா பார்க்கிற மாதிரி. வெயில் பக்கவாட்டுல விழணும், நெட் பின்னாடி மங்கலா தெரியணும். இன்னொண்ணு, எகிறி ஸ்மாஷ் அடிக்கிற படம். அதுக்கு எதிர்ப் பக்கம் கேமராவை தரையோட வெச்சு, ஷட்டர் 1/1000க்குக் குறையாம எடுக்கணும். கீழேயிருந்து எடுத்தா எகிறின உயரம் தெரியும், இல்லன்னா சும்மா கை தூக்கி நிக்கிற மாதிரி ஆயிடும்.

ஸ்மாஷுக்கு யாராவது பந்து தூக்கிப் போடணுமே. டீம் பொண்ணுங்க ஊர்ல இல்ல. வண்டியில கொண்டுவிட வந்த சித்தப்பாவை நிக்க வெச்சோம். முதல் பத்து பந்து கோணலா போச்சு. "உயரமா போடுங்கப்பா, உயரமா"ன்னு அவ கத்துறா, இவர் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு மறுபடி போடறார். ஒரு மணி நேரம் ஓடினது யாருக்கும் தெரியல.

பிரிண்டுக்கு வருவோம். 12க்கு 18 அங்குலப் படம் நல்லா வரணும்னா 3600க்கு 5400 பிக்சல் வேணும். 24 மெகாபிக்சல் கேமரா தாராளமா தரும். போன்ல எடுத்தீங்கன்னா 8க்கு 12 அங்குலத்தோட நிறுத்திக்கோங்க. படத்தை வாட்ஸ்அப்ல போட்டோவா வாங்காதீங்க, சுருக்கிடும். பென்டிரைவ்ல கேளுங்க.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. நீங்க காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவோட காப்புரிமை, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும், உங்களுக்குத்தான். பதிப்புரிமைச் சட்டம் 17வது பிரிவு. அதனாலதான் கொட்டேஷனோட கடைசிப் பக்கத்தைப் படிக்கணும். அந்த 22,000 பேக்கேஜ்ல 'படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவோம்'னு பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. பொண்ணுக்கு வயசு 17.

போட்டோகிராபருக்கு 3,500, பிரிண்டும் ஃபிரேமும் 1,400, டிபன் செலவு 300. மொத்தம் 5,200, அந்த மாசச் சம்பளத்துலயே முடிஞ்சுது. ஃபிரேமுக்கு அவ எடுத்துக்கிட்டது ரெண்டு படமும் இல்ல. நெட்டுக்கு இந்தப் பக்கம் சித்தப்பா பந்தைத் தூக்கிப் போட்டுட்டு அண்ணாந்து பார்க்கிறார், அந்தப் பக்கம் இவ எகிறியிருக்கா. போட்டோகிராபர் சும்மா கிளிக் பண்ணினது. ஜெர்சியைத் துவைச்சு, அயர்ன் பண்ணி, மறுநாள் ஸ்கூல்ல கொடுத்துட்டு வந்தது சித்தப்பாதான்.