சேனைக்குத் தேன் வேண்டா

பேறுகாலத்திற்கெனத் துணி, தொட்டில் முதலியன முன்கூட்டியே சேர்க்கும் நாம், பிறந்த குழவியின் நாவில் முதலில் எதை வைப்பது என்று சிந்திப்பதில்லை. நாட்டு வழக்கையொட்டித் தேன் தொட்டுச் சேனை வைப்பாரும் உளர். கள், ஊன், தேன் மூன்றையும் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு விலக்கியுள்ளார். மருத்துவமும் ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனை விலக்குகின்றது. அதில் இருக்கக்கூடிய நுண்கிருமி வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து, நஞ்சு சுரந்து, தசைகளைத் தளர்த்தி மூச்சையும் தடுக்கக்கூடும். வீட்டில் காய்ச்சினாலும் அவை அழிவதில்லை.

பிறந்த 1 மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்டுக. 6 திங்கள் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டா. பூண்டு உண்ணாவிடில் பால் ஊறாதென அஞ்சற்க. குழந்தை அடிக்கடி குடித்தலே பாலைப் பெருக்கும். இவற்றை வளைகாப்பன்றே பாட்டியாரிடம் பேசி முடித்தல் நலம். பேற்றறை வாயிலில் வழக்காட ஒண்ணாது.