முதலில் முண்டியம்பாக்கம், பிறகு கிண்டி

கேள்வி: மயிலம் பக்கத்தில் எங்கள் கிராமம். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். எல்லாரும் அரசுப் பள்ளிதான். அநேகமாக யார் வீட்டிலும் இதுவரை கல்லூரிக்குப் போனவர்கள் கிடையாது. எங்கள் இளைஞர் மன்றம் சார்பில் ஒரு பஸ் பிடித்து, ஒரே நாளில் சென்னையில் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி மூன்றையும் காட்டிவிட்டு, மெரினாவுக்கும் போய்த் திரும்பலாம் என்று நினைக்கிறோம். எப்படித் திட்டமிடுவது? பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், திண்டிவனம் வட்டம்

பதில்: ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்காகச் செலவு செய்ய முன்வந்த உங்கள் மன்றத்துக்கு வாழ்த்துகள். ஆனால் இந்த முறை சென்னையை விட்டுவிடுங்கள். போக வரவே ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் போய்விடும். மிச்ச நேரத்தில் மூன்று வளாகம் என்றால் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும். 1794-ல் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியைப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன், நம்மால் சேர முடியும் என்று நம்பக்கூடிய ஒரு கல்லூரிக்குள் அவர்கள் நுழைந்து, வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் படிக்காத பிள்ளைக்குப் பெரிய வளாகம் ஆசையைத் தரும். ‘இது நமக்கில்லை’ என்ற பயத்தையும் சேர்த்தே தந்துவிடும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியிலேயே ஒரு நாளுக்கு வேண்டியது இருக்கிறது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் தொடங்குங்கள். அது கல்லூரி இல்லை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம். உங்கள் ஊர்க் கொல்லையில் விளையும் மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், டி.எம்.வி. 7 என்ற ரகத்தைப் பெரியவர்களுக்குத் தெரியும். அது இங்கே உருவான ரகம். அம்மாவோடு மல்லாட்டை ஆய்ந்த பிள்ளை, அதே செடியை வரிசை வரிசையாக நட்டு, அட்டை குத்தி, ஒரு விஞ்ஞானி குறிப்பெடுப்பதைப் பார்க்கட்டும். ‘இதற்கு என்ன படிக்க வேண்டும்?’ என்று அதுவாகவே கேட்கும். அந்தக் கேள்வி எழுந்த பிறகு பி.எஸ்ஸி. வேளாண்மை பற்றிச் சொன்னால் மனதில் நிற்கும்.

அடுத்து மேல்பாக்கத்தில் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி. பொறியியலில் நாட்டமில்லாதவர்களைத் திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கு அனுப்பலாம். மதியத்துக்கு மேல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. 2010 முதல் நடக்கிறது. அங்கே எம்.பி.பி.எஸ். பற்றி மட்டும் பேசவிடாதீர்கள். ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தத் துணை மருத்துவப் படிப்புகளுக்கும் நர்சிங்குக்கும் மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. வக்கீலாக ஆசைப்படும் பிள்ளை இருந்தால் விழுப்புரத்தில் 2017-ல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரியும் உண்டு. ஆனால் ஒரு நாளுக்கு மூன்று இடம் போதும். உங்கள் மயிலம் தமிழ்க் கல்லூரிக்கு ஒரு சனிக்கிழமை நடந்தே போய் வரலாம். 1938 முதல் இருக்கிறது.

ஒவ்வொரு கல்லூரிக்கும் மூன்று வாரம் முன்பே முதல்வர் பெயருக்குக் கடிதம் கொடுங்கள். அதில் ஒரு வேண்டுகோளைக் கட்டாயம் எழுதுங்கள்: உங்கள் வட்டாரத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்து அங்கே படிக்கும் நாலைந்து மாணவர்கள், ஆசிரியர்கள் பக்கத்தில் இல்லாமல், இவர்களோடு அரை மணி நேரம் பேச வேண்டும். முதல்வரின் வரவேற்புரையைவிட எனக்கு முக்கியம் இதுதான். காலையில் எந்த பஸ், அதை விட்டால் அடுத்தது எப்போது, தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் செமஸ்டரை எப்படித் தாண்டினார்கள், அரியர் விழுந்தால் என்ன ஆகும், ஹாஸ்டலில் தண்ணீர் வருமா, பெண்கள் கழிப்பறை எப்படி இருக்கிறது – இதையெல்லாம் அவர்கள்தான் ஒளிக்காமல் சொல்வார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் பத்து இடத்தை அம்மாக்களுக்கு ஒதுக்குங்கள். கல்லூரிக்கு அனுப்புவதா, கல்யாணம் பேசுவதா என்ற முடிவு வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. முடிவெடுப்பவர்கள் கல்லூரியைப் பார்த்ததே இல்லை. விடுதி அறைக்குள் போய்ப் பார்த்து, வார்டன் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசிய தாய், ஊருக்குத் திரும்பி மற்ற தாய்மார்களிடம் சொல்வாள். நீங்களும் நானும் சொல்வதைவிட அது எடுபடும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருவது 2022-ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-ல். பொறியியல், வேளாண்மை, சட்டம், மருத்துவம் போன்ற படிப்புகளில் இவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு. அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. இதை அம்மாக்களுக்குப் போகும்போதே பஸ்ஸில் விளக்குங்கள்.

வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டிய வகுப்பறையைப் பார்த்து என்ன பயன்? காலாண்டுத் தேர்வுக்கு முன் ஆகஸ்ட் மாதம் தோதானது. நவம்பரில் கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை நெருங்கிவிடும். பள்ளி நாள் என்பதால் தலைமையாசிரியரைக் கலக்காமல் ஏற்பாடு செய்யாதீர்கள். நான் முதல்வன் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களைக் கல்லூரிக் களப்பயணம் அழைத்துப் போகிறார்கள். அதோடு சேர்த்துச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம், கூட வர இரண்டு ஆசிரியைகள், பஸ்ஸின் பர்மிட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் நகல் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுங்கள்.

இது நல்லபடியாக முடிந்தால், அடுத்து விழுப்புரத்திலிருந்து ரயிலில் சிதம்பரம் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பாருங்கள். கிராமப்புற அரசுப் பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவுக்கு, ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டாம் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும். சென்னை அதற்கப்புறம்.

பயணம் முடிந்த வாரமே எல்லாரையும் இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எது எது இல்லையோ அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு அங்கே நிற்கும் வரிசையில் உங்கள் பிள்ளைகள் நிற்க வேண்டாம்.