நகையும் வாய்மையும்

உள்ளக் கருத்தை அதற்கு மாறான சொல்லால் உணர்த்துவது முரண்நகை எனப்படும். அணிநூலார் கூறும் வஞ்சப்புகழ்ச்சி அதன் ஒரு வகையாம். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்ந்ததாகப் புறநானூற்றில் காண்கின்றோம். அச்சொல் வளைந்ததேனும் கருத்து நேரியது. சொல் வளைந்து, அதன்பின் கருத்தொன்றும் இல்லாதொழியின் விளைவு யாது? இவ்வினாவை ஆராய்வது, ரிக் ஆல்வர்சன் இயக்கி, 2012-ஆம் ஆண்டு சன்டான்ஸ் விழாவில் முதலிற் காட்டப்பெற்ற ‘தி காமெடி’ என்னும் அமெரிக்கத் திரைப்படம்.

‘ஹிப்ஸ்டர்’ என்னுஞ் சொல் 1940-களில் ஜாஸ் இசையில் ஈடுபட்டோரைக் குறித்தது. 2000-க்குப்பின், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள வில்லியம்ஸ்பர்க் போன்ற இடங்களில், பழம்பொருளையும் பிறர் ஒதுக்கிய உடையையும் பாதி விருப்பாகவும் பாதி கேலியாகவும் மேற்கொண்ட இளைஞரைக் குறிப்பதாயிற்று. எதனையும் முழுமனத்தோடு விரும்புவதாக ஒப்புக்கொள்ளாமை அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம்.

படத்தின் தலைவன் ஸ்வான்சன் செல்வர் மகன். இளமை கடந்தும் படகொன்றில் வாளா காலங் கழிப்பவன். மரணப்படுக்கையிலுள்ள தந்தையின் அருகிருந்து, பணிவிடை செய்யும் ஆண் செவிலியரை இழிசொல்லாற் சீண்டுகின்றான். வாடகைக் காரோட்டிக்குப் பணம் கொடுத்து, அக்காரைத் தானே வாங்கித் தாறுமாறாக ஓட்டுகின்றான். தேவாலயத்திலும் நண்பரோடு கூடிக் கூத்தடிக்கின்றான். இறுதியாக, படகிற்கு வந்த பெண்ணொருத்திக்கு வலிப்புக் காணுகின்றது; அவனோ உதவாது பார்த்திருக்கின்றான். கேலிக்கு இடமில்லாத அவ்வேளையில் அவனிடம் வேறொரு மொழி இல்லை.

விளையாட்டாகப் பேசுவோனை எவரும் மறுத்தல் இயலாது. ‘யான் அவ்வாறு கருதவில்லை’ என்று நழுவிவிடுவான். முதலிற் கேடயமாகக் கொண்ட கேலி, பின்னர்ச் சிறையாகின்றது. ஸ்வான்சனாக நடித்த டிம் ஹைடெக்கர் நகைச்சுவைக்குப் பெயர் பெற்றவர். ஆதலின் சிரிக்க எண்ணிவந்தோர், எவ்விடத்தில் தம் சிரிப்பு நின்றதெனத் தம்மையே வினவிக்கொள்ள நேர்கின்றது. இயக்குநர் அவனைத் தண்டிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. முடிவில் அவன் கடலலையிற் சிறு பிள்ளையோடு விளையாடுகின்றான். அது மனமாற்றமோ, இன்னுமொரு வேடமோ? காண்போர் துணிக.

நகையைக் கடிதல் நம் கருத்தன்று. பொய்ம்மையைக் குத்துதற்கு அதனினும் கூரிய கருவி அரிது. ஆயினும், நகைப்போன் தான் காக்க விழையும் பொருள் ஒன்றேனும் உடையனாதல் வேண்டும். மாணவ நண்பர்காள், தோழர் குழாத்தில் ஒருவனது ஆர்வத்தை எள்ளும்போது, நாம் எதன்பொருட்டு எள்ளுகின்றோம் என்று எண்ணிப் பார்ப்போமாக.