பிக்கப் வண்டியில் பாரம் ஏற்றும் முறை

மாட்டு வண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும் என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். உடனே ஒரு மூட்டையை முன்னே தள்ளிச் சரிசெய்து விடுவீர்கள். பிக்கப் வண்டிக்குத் தொண்டை இல்லை, அது முனகாது. பின்பாரம் மிகுந்தால் முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாது போகும். ஸ்டியரிங் இலேசாகிவிடும். ஈரச் சாலை வளைவில் வண்டி திரும்பாமல் நேரே செல்லும். பிரேக்கும் முன்சக்கரத்தில் சரியாகப் பிடிக்காது.

எடுத்துக்காட்டாக, இரண்டு அச்சுகளுக்கும் இடைவெளி 250 செ.மீ., பாரம் 1000 கிலோ என்று கொள்வோம். பாரத்தின் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 50 செ.மீ. முன்னால் அமைந்தால், பின் அச்சு 800 கிலோவையும் முன் அச்சு 200 கிலோவையும் தாங்கும். அதே பாரம் பின் அச்சைத் தாண்டி 25 செ.மீ. பின்னால் போய்விட்டால் பின் அச்சின் மேல் 1100 கிலோ விழும். முன் அச்சிலோ, இருந்த எடையிலும் 100 கிலோ குறைந்துவிடும்! ஏற்றியது 1000 கிலோதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தவறு பெரும்பாலும் மருந்து தெளிக்கத் தண்ணீர் கொண்டு செல்லும்போது நேர்கிறது. குழாய் மாட்ட வசதியாக இருக்கும் என்று தொட்டியைப் பின்கதவோரம் வைத்துவிடுகிறோம். 1000 லிட்டர் தண்ணீர் 1000 கிலோ. தொட்டியை ஓட்டுநர் அறையை ஒட்டி வைத்துக் கட்டி, குழாயை நீளமாக்கிக் கொள்வதே நல்லது. அரைத்தொட்டித் தண்ணீர் மேடேறும்போது பின்னுக்கும், பிரேக் போடும்போது முன்னுக்கும் பாயும். ஆகையால் தொட்டியை நிரப்பியோ, முழுவதும் காலி செய்தோ ஓட்ட வேண்டும்.

மூட்டைகளாயின் கனமானவற்றை அடியிலும் முன்பக்கமும் அடுக்கி, இடமும் வலமும் ஒத்திருக்கச் செய்யவும்.

ஐயமிருந்தால் எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி, வண்டி காலியாக இருக்கும்போது ஒருமுறையும் பாரத்துடன் ஒருமுறையும் எடை பார்க்கலாம். பாரம் ஏற்றியபின் முன்னெடை குறைந்திருந்தால் பாரம் பின் அச்சைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

சிலர் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுவிட்டு அதிகம் ஏற்றலாம் என எண்ணுகின்றனர். பட்டை வண்டியின் பின்புறத்தை நிமிர்த்துமே தவிர, அச்சுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் வலுவூட்டாது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்து வருவதே தங்கள் வண்டியின் அளவு. ஓட்டுநரும் உடன் வரும் ஆட்களும் அதற்குள் அடக்கம்.