மூன்று நாடாவா, ஒரு நாடாவா?
தறி மாற்ற எண்ணும் அங்கத்தினர்களுக்கு

ஆரணிப் பகுதிச் சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லும்போது, அங்கத்தினர்கள் ஏட்டுக் கணக்கைவிடத் தறிக் கணக்கையே நம்மிடம் மிகுதியாகக் கேட்கின்றனர். "தறிக்குக் கடன் வாங்கலாமென்றிருக்கிறேன், ஐயா. கோர்வைத் தறியாகவே வைத்துக்கொள்ளட்டுமா, விசைநாடாவுக்கு மாற்றிவிடட்டுமா?" என்பது அவற்றுள் அடிக்கடி வரும் கேள்வி. இதற்கு ஒரே வரியில் விடை சொல்பவர் பலர் உளர். நாமும் ஒருமுறை அவ்வாறு சொல்லி ஓர் அங்கத்தினருக்கு நட்டம் வரக் காரணமாயிருந்தோம். அதைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிந்துகொள்வோம். உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாகச் சேலை நெய்யவேண்டின், பாவின் நிறத்தை மாற்றுவது எளிது, ஓடுகட்டும்போதே மாற்றிவிடலாம். ஊடையின் நிறத்தை மாற்றுவதே அரிது. விசைநாடாத் தறியில் கயிற்றை இழுத்ததும் நாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் பாய்கிறது. அதன் ஊடை கரை முதல் கரை வரை ஒரே இழையாகச் செல்லும். ஆகையால் கரையின் பாவு சிவப்பானாலும், உடலின் பச்சை ஊடை அதனூடே கலந்து நிறம் மங்கித் தோன்றும். ஜரிகை அடர்ந்த கரையில் இது அவ்வளவாகக் கண்ணுக்குப் படாது. வெறும் பட்டுக் கரையில் உடனே தெரிந்துவிடும்.

கோர்வைத் தறியிலோ மூன்று நாடாக்கள். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. உடலின் ஊடை கரையின் விளிம்பு வரை சென்று, கரையின் ஊடையுடன் கோத்துக்கொண்டு திரும்புகிறது. பெயரும் அதனாலேயே வந்தது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் சேலையில் சுமார் 14,000 ஊடைகள். ஒவ்வொரு ஊடையின் முடிவிலும் ஏதேனும் ஒரு கரையில் ஒரு கோர்ப்பு உண்டு. இந்தப் 14,000 கோர்ப்பையும் ஒருவர் தனியே செய்வது கடினம். எனவே பக்கத்தில் மற்றொருவர் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த மற்றொருவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நெசவின் சரித்திரமே தறியிலிருந்து இரண்டாம் ஆளை எழுப்பி அனுப்பிய சரித்திரம் என்று சொன்னால் மிகையாகாது. இங்கிலாந்தில் அகலத் துணிக்கு இருபுறமும் இருவர் உட்கார்ந்து நாடாவை எறிந்து வந்தனர். 1733இல் ஜான் கே என்பவர் விசைநாடாவுக்குக் காப்புரிமை பெற்றார், ஒருவரே போதுமென்றாயிற்று. பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில் பூவேலைத் தறியின் நூல்களை இழுத்துக் கொடுக்கச் சிறுவர்களை வைத்திருந்தனர். 1804இல் ஜக்கார்டு அமைத்த அட்டைப் பொறி அவர்களின் வேலையைத் தானே செய்தது. நம் பக்கத்தில் அடை இழுக்க ஒருவர் தனியே இருந்த காலமும் ஜக்கார்டுப் பெட்டி வந்தபின் மறைந்தது. கோர்வையில் மட்டும் அந்த இரண்டாம் இடம் காலியாகவில்லை. பல வீடுகளில் அதில் மனைவி உட்காருகிறார். சில வீடுகளில் பிள்ளை உட்கார்ந்தது. அதை நாமே கண்டிருக்கிறோம். தை மாதத்து முகூர்த்தச் சேலைகளுக்காக ஏழாம் வகுப்புப் பெண்ணொருத்தி மூன்று வாரம் பள்ளிக்குப் போகாதிருந்தாள். "பழகட்டுமே, ஐயா" என்றார் தந்தை. சட்டம் 1986 முதலே உண்டு. 2016 திருத்தத்தின்பின் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் வேலைக்கு வைக்கலாகாது. ஆனால் அந்தத் தந்தையிடம் நாம் சட்டத்தைப் பேசவில்லை, கணக்கைத்தான் பேசினோம்.

கணக்கு இதுவே. சேலைக்கு என்ன கூலி என்று பார்ப்பது தவறு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன விழுகிறது என்று பார்க்கவேண்டும். பேச்சுக்கு, கோர்வைச் சேலை 12 நாள் பிடிக்கிறது என்றால், இருவருக்குமாக 24 ஆள்நாள். விசைநாடாச் சேலை 6 நாளில் ஒருவரால் முடிந்தால் 6 ஆள்நாள். அப்படியானால் கோர்வைக்கு நான்கு மடங்கு கூலி வந்தால்தான் இரண்டும் சமம். பிள்ளையின் உழைப்பை ஒன்றுமில்லையெனத் தள்ளிவிடுவதால்தான் பல வீடுகளில் கோர்வை இலாபம்போலத் தோன்றுகிறது. இங்கே கண்ட நாட்கள் உதாரணமே. ஒவ்வொருவரும் தம் தறியில் எண்ணிக்கொள்க. அந்தத் தந்தையும் எண்ணிப் பார்த்தார். கரிக்கோலை நம்மிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

இவ்வளவும் கேட்டு எல்லோரும் விசைநாடாவுக்கு மாறிவிடலாம் என்று எண்ணுவீர்கள். நாம் செய்த பிழை அதுவே. ஓரங்கத்தினரிடம் மாறும்படி அழுத்தமாகச் சொன்னோம். அவரும் கடன் வாங்கிப் பலகை, பெட்டி எல்லாம் பூட்டினார். அவருடைய சங்கத்துக்கு வந்துகொண்டிருந்ததோ பெருங்கரைக் கோர்வை ஆர்டர்கள். விசைநாடாச் சேலையைச் சங்கம் எடுக்க இயலவில்லை. போதாததற்குப் பெட்டிகள் இருபுறமும் நீண்டதால் பலகை சுவரில் இடித்தது. நாம் சுவரை அளக்கவேயில்லை! நாடா வேகமாகப் பாய்ந்ததில் மெல்லிய பாவு இழைகளும் அடிக்கடி அறுந்தன. எட்டு மாதத்தில் பழைய தறிக்கே திரும்பினார். கடன் மட்டும் நின்றது.

இடைவழி ஒன்றும் உண்டு. கரை சேருமிடத்தில் தனிக் கயிறிழை ஒன்றைக் கொண்டு ஊடையைப் பிடித்து, மிஞ்சியதைப் பின்னர்க் கத்தரித்துவிடும் முறை அது. ஒருவரே நெய்யலாம், கரையின் நிறமும் தெளிவாக நிற்கும். ஆனால் சேலையின் மறுபுறத்தைத் திருப்பினால் கத்தரித்த முனைகள் தெரியும். விவரமறிந்த வியாபாரி முதலில் திருப்புவது அந்த மறுபுறத்தைத்தான். இதைக் கோர்வை விலைக்குக் கேட்பது நியாயமன்று. கோர்வை என்று சொல்லி விற்பது சங்கத்தின் பெயருக்கே கேடு.

எமது அபிப்பிராயம் இது. வீட்டில் வயதுவந்த இருவர் மனமொப்பித் தறியில் உட்காருவார்களாயின், கோர்வை ஆர்டரும் தொடர்ந்து கிடைக்குமாயின், கோர்வையை விடவேண்டாம். அந்தக் கை வேலைக்கு மாற்று இன்னும் வரவில்லை. இரண்டாம் ஆள் பள்ளிப் பிள்ளையாயின், அல்லது முதுமையால் இயலாதவராயின், ஒரு நாடாவுக்கு மாறி, ஜரிகைக் கரையும் கட்டமும் நெய்வதே தக்கது. கட்டத்துக்கு இரட்டைப் பெட்டி வேண்டியிருக்கும். அதன் செலவையும் கடனில் சேர்த்துக் கேட்கவேண்டும்.

விண்ணப்பம் எழுதுமுன் சென்ற ஓராண்டில் சங்கம் கொடுத்த ஆர்டர்களில் கோர்வை எத்தனை, மற்றவை எத்தனை என்று காரியதரிசியிடம் கேட்டு எழுதிக்கொள்க. தறி நிற்கும் இடத்தைச் சுவருக்குச் சுவர் அளந்து, பெட்டிகளுடன் கூடிய பலகையின் நீளத்தை ஆசாரியிடம் கேட்டு அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டாம் ஆளின் பெயரையும் வயதையும் தனித்தாளில் எழுதி இணைத்தால், ஆய்வுக்கு வரும்போது முதலில் அதையே பார்ப்போம்.